துக்கம் விசாரிக்கத் தெரியாதவன்

அடி அண்ணாமலையில் ஒரு சாவு வீட்டு வாசலில் வைத்து என் அண்ணன் விமல்ராஜை ஐந்து பேர் சேர்ந்து அடித்தார்கள். மூன்று நிமிடம்கூட இருக்காது. அதற்குள் முன்பல் இரண்டு போனது, இடது விலா எலும்பில் விரிசல் விழுந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை. இளநீர் வெட்டி வெட்டி உரமேறிய கை. வாடகைக்கு வந்திருந்த இரும்பு நாற்காலி ஒன்றை மடக்கி வீசினான். அது தசரதன் என்பவனின் மூக்கைப் பிளந்தது. அந்த மூக்கு மட்டும் தப்பித்திருந்தால், அடித்தவர்கள் அடித்துவிட்டார்கள், வாங்கியவன் வாங்கிக்கொண்டான் என்று எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அடித்தவர்கள் பொறுக்கிகள் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. பாதி உண்மையும்கூட. ஆனால் அந்த அடி விழுந்ததற்குக் காரணம் நான்தான். அதனால் நானே சொல்கிறேன்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆறு வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து காக்ளியர் வைத்தார்கள். மண்டைக்குள் ஒரு பாகம், காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். யாராவது இடித்தால் அந்த வட்டம் கழன்று தொங்கும். தொங்கினால் அவனுக்கு ஒன்றுமே கேட்காது. ஆறு வயது ரொம்பத் தாமதம் என்று பயிற்சி டீச்சர் அப்போதே சொன்னார். வார்த்தை பிடிபடும், பேச வரும், குரலின் ஏற்ற இறக்கம்தான் சிரமம் என்றார். அப்படியேதான் ஆனது. நீங்கள் அவனை "வா" என்று கொஞ்சிக் கூப்பிட்டாலும் "வா" என்று மிரட்டிக் கூப்பிட்டாலும் அவனுக்கு இரண்டும் ஒரே வா. சத்தம் ஜாஸ்தியா கம்மியா, வேகமா மெதுவா, அவ்வளவுதான் தெரியும். மற்றதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

அவன் பேச்சும் அதே மாதிரிதான். சத்தமாக, ஒரே மட்டத்தில், பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவுகிறவர் மாதிரி. "சாப்டியா?" என்று அவன் பாசமாகக் கேட்டால் கேட்கப்பட்டவர் ஓரடி பின்வாங்குவார்.

நான் அபிநயா. அவனைவிட இரண்டு வயது சின்னவள். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். டீச்சர் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார். அண்ணன் உதட்டைப் பார்க்காமல் கேட்க வேண்டும். வீட்டில் அந்த அட்டை என் கைக்கு வந்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா பகலெல்லாம் களை எடுக்கப் போய்விடுவாள். ஆக நான்கு வயதிலிருந்து நான்தான் அவனுக்கு டீச்சர். நல்ல டீச்சர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பாகச் சொன்னால் பென்சிலால் குத்துவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம், அன்றைக்கும் இன்றைக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவன் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இளநீர் வண்டி போட்டான். முதல் பௌர்ணமியிலேயே வம்பு. கையில் அரிவாளை வைத்துக்கொண்டு, அந்தக் குரலில், "தண்ணியா, வழுக்கையா?" என்று கேட்டால் யார் நிற்பார்கள்? சாமி கும்பிட வந்த ஒருவர் "இன்னாடா, வெட்டிடுவியா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அவனைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். "வாயைத் தொறந்தா சிரிப்போடதான் தொறக்கணும். யார்கிட்ட பேசினாலும் சரி. அப்பதான் ஜனங்க உன் குரலைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றேன். ஒரு வாரம் பழக்கினேன். பிரமாதமாக வேலை செய்தது. வியாபாரம் சூடு பிடித்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கே சிரிக்கக்கூடாது என்று சொல்லித்தரத்தான் புத்தி போகவில்லை.

அவன் வண்டி நின்றது வேணு என்பவர் வீட்டு கேட்டுக்கு எதிரில். வேணு அண்ணனை எனக்கும் பிடிக்கும். பேசுவதற்கு முன்னால் வண்டியை இரண்டு தட்டு தட்டுவார், அண்ணன் திரும்பிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். யாரும் சொல்லித்தராமல் அவராகவே கண்டுபிடித்த வழி. தினமும் காலையில் இரண்டு பேருமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவருடைய தம்பி பலராமன் வேறு மாதிரி. பந்தல், நாற்காலி, தண்ணீர் டேங்கர் எல்லாம் அவர் கையில். அந்தப் பக்கத்தில் எந்தக் கடை நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்பதும் அவர் வாயில்தான். தசரதன் அவருடைய மச்சான்.

வேணு அண்ணன் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அண்ணன் வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினான். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேளமும் ஒப்பாரியும் வெடியும் அவன் மெஷினுக்குள் போனால் கல்லுக் கொட்டுகிற சத்தம்தான். தன் குரலே தனக்குக் கேட்காமல் வழக்கத்தைவிடக் கத்திப் பேசுவான். அப்படியே கூட்டத்தில் புகுந்து பலராமனின் இரண்டு கையையும் பிடித்தான். சரியாக அந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

"வேணு அண்ணன் போயிட்டாரு! நல்ல மனுஷன்! இனிமே வரமாட்டாரு!"

தெரு முழுக்கக் கேட்டது. வாயைத் திறந்ததால் சிரிப்பும் வந்திருந்தது. நான் பழக்கிய அதே சிரிப்பு, பல் வரிசை மொத்தமும் தெரிகிற மாதிரி.

முதல் அடி பலராமனுடையது. "எங்க அண்ணன் செத்தா சிரிக்கிறியாடா தேவடியா பையா!" என்று வாயிலேயே குத்தினார். தலையிலிருந்த வட்டம் கழன்று தொங்கியது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்டது எதுவும் அண்ணனுக்குக் கேட்கவில்லை. ஏன் அடிக்கிறார்கள் என்று தெரியாமல், விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். திறந்ததும் சிரிப்பு வந்தது. இன்னொரு குத்து. மறுபடி வாயைத் திறந்தான், மறுபடி சிரிப்பு. ரத்தம் வழிகிற வாயோடு சிரித்தான். "இன்னும் இளிக்கிறான் பாரு!" என்று தசரதன் விலாவில் உதைத்தான். பல் போன பிறகுதான் அண்ணன் சொல்வதை விட்டுவிட்டு நாற்காலியை எடுத்தான். நான் உள்ளே பாய்ந்து எவனோ ஒருவனின் முன்கையைக் கடித்தேன். சதை வாய்க்குள் வந்தது. யாரோ என் இடுப்பில் மிதித்தார்கள். பாடைக்குக் கட்டி வைத்திருந்த சாமந்திக்கு நடுவில் மெஷின் கிடந்தது, அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, வயர் மட்டும்தான் பிய்ந்திருந்தது, புதிது மாட்டியதும் வேலை செய்தது.

ஏழாம் நாள் கோதண்டராமன் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதையோரக் கடைக்காரர்களுக்குச் சங்கத் தலைவர். அம்மா காபி கொடுத்தாள், அவர் தம்ளரைத் தொடாமலேயே பேசினார்.

"பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு வரணும். சொந்தபந்தம் எதிர்ல வாய்விட்டு மன்னிப்புக் கேக்கணும். மனசுலேருந்து வரணும்ங்கிறான் பலராமன். அதுலயும் நக்கல் தெரிஞ்சா, இளநி வெட்டுற கை இருக்காதுனு தசரதன் சத்தியம் பண்ணிக்கினு கீறான். அவன் சொன்னா செய்வான்மா. மூக்கு போன வெறியில கீறான்."

நான் கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். திங்கள்கிழமை மனு நாளில் ஜனங்களுக்கு மனு எழுதித்தருவது நான்தான். கெஞ்சுவதும் பணிவதும் எழுத்தில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"மாமா, லெட்டரா எழுதிக் குடுத்துடறேன். படிச்சா கண்ணுல தண்ணி வந்துரும்."

"படிக்கிறதுக்கு இல்லம்மா. அவனுங்க காதால கேக்கணுமாம்."

"அண்ணனுக்குக் குரல் அப்படித்தான்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேனே. காது கேக்காதவன் ஏன்டா சிரிக்கணும், காதுக்கும் சிரிப்புக்கும் இன்னா சம்மந்தம்னு கேக்கிறானுங்க. எனக்கும் பதில் தெரில."

எனக்குத் தெரியும். அவர் தொடாத தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா அன்று சாயங்காலமே அவன் துணிகளைப் பையில் அடுக்கி, பெங்களூருக்கு அப்பாவிடம் அனுப்பப் பார்த்தாள். அண்ணன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். "நான் ஓட மாட்டேன். வேணு அண்ணன் காரியத்துக்கு நான் போவணும்" என்றான். ஓட்டைப் பல்லோடு, சிரிக்காமல். சிரிக்காதே என்று அதற்குள் நான் நூறு முறை சொல்லியிருந்தேன்.

இருந்தது ஒன்பது நாள். அதற்குள் அவன் குரலில் வருத்தம் வர வேண்டும். வராவிட்டால் கை போகும்.

மூச்சிலிருந்து ஆரம்பித்தேன். "துக்கத்துல பேசினா மூச்சு பாதியில அறும். கடைசி வார்த்தை கீழ எறங்கும்" என்று சொல்லி அவன் விரல்களை என் தொண்டையில் வைத்து, "மன்னிச்சிருங்கண்ணா" என்று அழுகிற குரலில் சொன்னேன். அவன் தலையாட்டினான். தன் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தான், இப்போது ரவுடி ஒருவன் காதோரம் வந்து எச்சரிக்கிற மாதிரி இருந்தது. மெதுவாகச் சொல்லச் சொன்னேன். இழுத்து இழுத்துச் சொன்னான், பள்ளிக்கூடப் பையன் வாத்தியாரைக் கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. அந்த மூன்றில் எதைக் கேட்டாலும் தசரதன் வெட்டுவான்.

போனில் என் குரலையும் அவன் குரலையும் பதிவு செய்து அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டான்.

"ரெண்டும் நல்லாதான கீது?" என்றான்.

"டேய் அண்ணா, என்னுது அழுவுற குரல். உன்னுது ஆர்டர் போடுற குரல்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு. நீ மொறைக்கிறத வச்சுதான் நான் சொன்னது தப்புனே தெரியுது." போனை என் கையில் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டான். "துக்கம் குரல்ல எங்கடி இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே நாமெல்லாம் அதைக் கேட்டுவிடுகிறோம். அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாத ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் வீசினேன்.

பதினான்காம் நாள் சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுபதாவது தடவையோ எண்பதாவது தடவையோ. அவன் நடுவில் கொட்டாவி விட்டான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மாய்கிறேன், கொட்டாவி விடுகிறான். மெஷின் இல்லாத பக்கத்துக் கன்னத்தில் பளார் என்று அறைந்தேன். என் உள்ளங்கை எரிந்தது.

"ஏன்டி அடிக்கிற... வலிக்குதுடி" என்றான்.

குரல் உடைந்திருந்தது. நடுவில் மூச்சு அறுந்தது, கடைசி வார்த்தை தானாகவே கீழே இறங்கியது. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அதேதான்! அதே மாதிரி! நிறுத்தாத, இப்பவே மன்னிப்புக் கேளு!"

கேட்டான். அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இப்பதான்டா கண்ணு நல்லா வருது" என்றவள், அவன் கன்னத்தில் என் ஐந்து விரலையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டே நிமிடத்தில் அந்தக் குரல் போய்விட்டது. மறுபடி பஸ் ஸ்டாண்ட். அண்ணன்தான் கன்னத்தைக் காட்டினான். "அடி. அடிச்சாதான் வருது" என்றான். அடித்தேன். வந்தது. மறுநாளும் அதே பயிற்சிதான். முதல் அறை கோபத்தில் விட்டது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணை மூடிக்கொண்டு விட்டது. ஆறாவது அறைக்குக் கை தானாகப் போனது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காரியத்தன்று திட்டம் இதுதான். வேணு அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பலராமனின் டேங்கர் லாரி நிற்கும். அதன் மறைவில் அடித்துவிடுவது, உடனே உள்ளே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது. அப்படியே இரண்டு அறை விட்டேன். கண்ணில் நீர் கட்டியது. "போ, போ, ஆறிடும்" என்று தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் கோதண்டராமன் நின்றார்.

"உக்காருங்க. ஐயர் இன்னும் முடிக்கல."

ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அண்ணன் கன்னத்தில் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குள் ஐம்பது அறுபது பேர். ஓரத்தில் பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தசரதன் மூக்கின் மேல் பிளாஸ்திரியோடு எதிரே உட்கார்ந்து, அண்ணனின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டார்கள். அண்ணன் நடுவில் போய் நின்றான். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான், அந்த மட்டில் சிரிப்பு வரவில்லை. கைகூப்பினான்.

"மன்னிச்சிருங்கண்ணா! தெரியாம சிரிச்சிட்டேன்! இனிமே அப்படி நடக்காது!"

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து அறிவிக்கிற குரல். பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பலராமனின் முகம் கறுத்தது.

"பாத்தியா மாமா?" என்று தசரதன் எழுந்தான். "மன்னிப்புக் கேக்கிற மூஞ்சியா இது? வேணும்னே பண்றான். நம்ம வூட்டு நடுவுல நின்னுகினு நம்மளையே நக்கல் பண்றான்."

ஆறாத அந்த விலாவிலேயே உதைத்தான். அண்ணன் மடங்கி விழுந்தான். இரண்டு பேர் பாய்ந்து அவன் வலது கையை இழுத்து, இலை நறுக்கிய மரப்பலகையின் மேல் அழுத்திப் பிடித்தார்கள். பலகையில் கிடந்த கத்தியைத் தசரதன் எடுத்தான். கோதண்டராமன் "டேய், டேய்" என்றாரே தவிர நகரவில்லை. பலராமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் கத்தியைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடினான். என் கண்ணைப் பார்த்தான், பிறகு கன்னத்தைக் காட்டினான்.

ஓடிப்போய் மண்டியிட்டு அறைந்தேன். போதவில்லை, வாயைத் திறந்தவன் பழைய குரலிலேயே "மன்னிச்சி" என்றான். இன்னொன்று விட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவதைப் புறங்கையால், என் மோதிரம் உதட்டைக் கிழிக்கிற மாதிரி விட்டேன்.

"மன்னிச்சிருங்கண்ணா..." குரல் உடைந்தது. "தெரியாம... தெரியாம சிரிச்சிட்டேன். வேணு அண்ணன் எனக்கும்... எனக்கும் அண்ணன்தான்..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது, அதைத் தொடர்ந்து இன்னொன்று. பலராமன் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"வுடுங்கடா கையை. தசரதா, கத்தியக் கீழ போடு. பையன் மனசுலேருந்து கேக்கிறான்டா. கொரல்லயே தெரியுது." எழுந்து வந்து அண்ணனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சியும் தங்கச்சிதான். கூடப் பொறந்தவன் தப்பு பண்ணான்னு நாலு பேர் எதிர்ல கை நீட்டுச்சு பாரு. மானமுள்ள பொண்ணு."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அத்தனை பேருக்கும் நல்ல காது. மெஷின் வைக்காத, ஊசி விழுந்தாலும் கேட்கிற காது. வலி எது, வருத்தம் எது என்று ஒருவருக்குக்கூடப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தக் கத்தியை எடுத்து நானே நாலு பேர் வயிற்றில் செருகியிருப்பேன், அண்ணன் இன்னும் அவர்கள் நடுவில் இருந்ததால் விட்டேன்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று பலராமன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தசரதனே வடை பரிமாறினான். அண்ணன் பாயசத்தை வாயில் வைத்ததும் இலையில் சிவப்பாகச் சொட்டியது. துடைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டான். அவனை அறைந்த கையாலேயே பிசைந்து நானும் விழுங்கினேன்.

வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டுப் பக்கம் திருப்பப் போனபோது அண்ணன் தோளைத் தட்டி எதிர்ப்பக்கம் கைகாட்டினான். வேணு அண்ணனைப் புதைத்த இடம் அந்தப் பக்கம்தான். முள்வேலியைத் தாண்டி, இன்னும் இறுகாத மண்மேட்டுக்கு முன்னால் போய் நின்றான். உச்சி வெயில். மேட்டின் மேல் அன்றைக்குக் காலையில் வைத்த பால் சொம்பை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. தலையில் வட்டம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு வாயைத் திறந்தான்.

"வேணு அண்ணா! காலைல பெஞ்சில ஆள் இல்ல! இனிமே நான் தனியாத்தான் டீ குடிக்கணும்! வண்டியத் தட்ட யாருமில்ல! பின்னாடி வந்து பேசினா எனக்கு எப்படித் தெரியும்! நீங்க ஏன் போனீங்க!"

மலை வரை கேட்டிருக்கும். ஒரே மட்டம், ஒரே சத்தம். கிழிந்த உதட்டில் அந்தச் சிரிப்பும் பாதி வந்திருந்தது.

"டேய், மெதுவாப் பேசுடா. யாராச்சும் கேட்டா இன்னா நெனைப்பாங்க?" என்றேன். பதினாறு வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

திரும்பினான். ஓங்கி ஒரே அறை. இளநீர் வெட்டுகிற கை. முள்வேலி ஓரத்தில் போய் விழுந்தேன். காதுக்குள் கொய்ங் என்றது, வாயில் மண்ணும் ரத்தமும். இத்தனை வருடத்தில் அவன் என்னைத் தொட்டு அடித்ததில்லை. எழுந்து திருப்பி அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு போனேன். அவன் அதற்குள் மண்மேட்டின் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். கண்ணிலிருந்து கழுத்து வரை நனைந்திருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்த ஆரம்பித்தான், அதே சத்தத்தில். இந்தக் குரலைத்தான் நான் இத்தனை நாள் மாற்றப் பார்த்தேன். இதற்காகத்தான் அவனை அடித்தேன்.

பாதையில் பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார். நடுத்தர வயது, நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். என் முகத்து ரத்தத்தையும் கத்துகிறவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, குடிச்சிட்டு ரகளை பண்றானா? போலீசுக்குப் போன் போடட்டுமா?"

குனிந்து கைக்கு அகப்பட்ட கருங்கல்லை எடுத்து வீசினேன். அது பைக்கின் முன்விளக்கில் பட்டுக் கண்ணாடி சிதறியது. அவர் பதறி வண்டியைக் கிளப்பினார். நான் இன்னொரு கல்லோடு வேலி வரை ஓடினேன்.

"போய்யா அந்தாண்ட! எங்க அண்ணன் அழுதுகினு இருக்கான்!"